கோணல் மூக்குப் பனிமனிதர்களைச் சுவரில் ஏற்றும் விதம்

முதல் வருடம் நான் சொதப்பியதிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் 22 பேர். ஆளுக்கொரு பேப்பர் பிளேட், ஒரு கைப்பிடிப் பஞ்சு. இரண்டு நாள் மெனக்கெட்டு 22 பனிமனிதர்களைச் செய்து வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். மாலையில் வாசலில் நின்று பார்த்தால் சுவரில் எதுவுமே தெரியவில்லை. ஆரஞ்சு நிற மூக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. சுவர் வெள்ளை, தட்டு வெள்ளை, பஞ்சும் வெள்ளை. பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கேரட் செஞ்சாங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

அதனால் நீங்கள் முதலில் பனிமனிதனை மறந்துவிடுங்கள். அவனுக்குப் பின்னால் என்ன இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

பின்னணி: நீலம்தான்

வெளிர்நீலச் சார்ட் போதாது. அதன்மேல் வெள்ளை கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். கறுப்பு நன்றாக எடுப்பாக இருக்கும், ஆனால் கண்ணும் பொத்தானும் தொப்பியும் கறுப்பாக இருப்பதால் அவை ஓரத்தில் வரும்போது காணாமல் போய்விடும். இரவு வானம் மாதிரியான அடர்நீலம் இரண்டுக்கும் ஒத்துவருகிறது. கடைச் சார்ட்டை அப்படியே ஒட்டலாம். நேரம் இருந்தால் குழந்தைகளையே பின்னணி செய்யவிடுங்கள். பனிமனிதனைவிட இந்தப் பகுதிதான் அவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

தடிமனான வெள்ளை வரைதாள் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டு கிழியும். வெள்ளை க்ரேயானால் தாள் முழுக்கப் புள்ளி, வட்டம், கிறுக்கல், எது வேண்டுமானாலும் போடச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, நன்றாக அழுத்திப் போட வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளை என்பதால் எதுவும் தெரியாது. ஒரு பெண் குழந்தை நாலு கோடு இழுத்துவிட்டு, "டீச்சர், இது தீந்துபோச்சு, வேற குடுங்க" என்று க்ரேயானை என் கையில் திணித்தாள். சரி, தீர்ந்தது தீர்ந்ததாகவே இருக்கட்டும் என்று ஒரு அகலத் தூரிகையில் நீல வாட்டர் கலரைத் தொட்டுக் கொடுத்தேன். முதல் இழுப்பிலேயே நீலத்துக்குள்ளிருந்து அவள் போட்ட நாலு கோடும் எழுந்து வந்தன. தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நீலம் முழங்கை வழியாக ஒழுகியது. அவள் கவனிக்கவில்லை.

க்ரேயானில் இருக்கும் மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது, அவ்வளவுதான் ரகசியம். ஆகவே வண்ணத்தைத் தண்ணீராகக் கரைக்க வேண்டும். போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசினால் மெழுகையும் மூடிவிடும்.

இதன்மேல் இன்னொரு வேலையும் செய்யலாம். தாளில் ஈரப் பளபளப்பு இருக்கும்போதே ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். ஒவ்வொரு உப்புக் கல்லும் தன்னைச் சுற்றியுள்ள வண்ணத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அந்த இடத்தில் வெளிறிய நட்சத்திரம் போல ஒரு தடம் விழும். கல் உப்புக்குப் பெரிய தடம், தூள் உப்புக்கு மணல் இறைத்தது போன்ற தடம். தேங்கி நிற்கும் தண்ணீரில் உப்பு கரைந்துவிடும், காய்ந்த தாளில் சும்மா உட்கார்ந்திருக்கும். எனவே நேரம் பார்த்துத் தூவ வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளங்கையால் தேய்த்து உப்பை உதிர்த்துவிடுங்கள். உதிர்க்காமல் சுவரில் ஏற்றினால் ஒரு வாரத்துக்குத் தரையில் உப்புதான்.

பேப்பர் பிளேட் பனிமனிதன்

சுவர் அலங்காரத்துக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒரு ஆளுக்கு 9 அங்குலத் தட்டு ஒன்று உடம்புக்கு, 7 அங்குலத் தட்டு ஒன்று தலைக்கு. மூன்று உருண்டை இருந்தால்தானே பனிமனிதன் என்று ஒரு அப்பா கேட்டார். ஜப்பானில் பனிமனிதனுக்கு இரண்டு உருண்டைதான் வழக்கம். தருமா பொம்மையின் பெயரைச் சேர்த்து 'யுகிதருமா' என்கிறார்கள். சுவரில் இடம் குறைவு என்றால் ஜப்பான்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடுவது நல்லது.

தட்டு வாங்கும்போது பளபளப்பான பூச்சு இல்லாததாகப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்க வேண்டும், முத்து மாதிரி நிற்கக் கூடாது. நின்றால் அதில் பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது. பூச்சுள்ள தட்டுதான் கிடைத்தது என்றாலும் கவலை வேண்டாம். பெரும்பாலும் மேல்பக்கத்தில் மட்டும்தான் பூச்சு இருக்கும். எப்படியும் நாம் தட்டைக் கவிழ்த்துத்தான் வேலை செய்யப்போகிறோம். கவிழ்த்த தட்டு லேசாக மேடாக இருக்கும். பனிமனிதனுக்கு ஒரு தொப்பை கிடைத்துவிடும்.

இரண்டு தட்டுகளின் விளிம்பும் 3 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, விளிம்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். இது பெரியவர்கள் வேலை. பின்னின் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் மறக்காமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

பஞ்சு ஒட்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பலரும் இதைச் செய்வதில்லை. ஸ்பாஞ்சுத் துண்டில் வெளிர்நீலம் தொட்டு, இரண்டு தட்டுகளுக்கும் ஒரே பக்க ஓரமாக, பிறை வடிவில் ஒற்றி எடுங்கள். நிஜப் பனியில் நிழல் விழும் இடத்துக்கு நேர் வெயில் வராது, நீல வானத்தின் வெளிச்சம்தான் வரும். அதனால் பனியின் நிழல் நீலம் கலந்து தெரிகிறது. இந்தப் பிறை ஒன்று வந்ததும் தட்டு உருண்டையாகிவிடும். சாம்பல் நிறம் பூசினால் அழுக்குப் பட்டது போல இருக்கும், பூசிப் பார்த்துவிட்டேன்.

இந்த இடத்தில் யாராவது ஒரு குழந்தை, ஐஸ் கண்ணாடி மாதிரித்தானே இருக்கிறது, பனி மட்டும் ஏன் வெள்ளை என்று கேட்கும். ஒரு ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்கிக் காட்டுங்கள். கண்ணாடி போல இருந்தது வெள்ளையாகிவிடும். துகள்களின் எண்ணற்ற முகங்களில் பட்டு வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் வரும் வெள்ளை அது. நொறுக்கிய ஐஸை ஒரு தட்டில் குவித்து அவர்களைப் பிடித்துப் பார்க்கவும் விடுங்கள். பனியைத் தொட்டே இராத குழந்தை, எதைச் செய்கிறோம் என்று தெரியாமலேயே பஞ்சை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பஞ்சு. இங்கேதான் களேபரம். பசை தொட்ட விரலால் பஞ்சைத் தொட்டால் பஞ்சு தட்டுக்குப் போகாது, விரலோடுதான் வரும். உதறினால் அடுத்த விரலுக்கு மாறும். ஐந்து நிமிடத்தில் பத்து விரலிலும் தாடி முளைத்து ஒரு குழந்தை அழ ஆரம்பிக்கும், மற்றவர்கள் சிரிக்க ஆரம்பிப்பார்கள். இதற்கு நான் கண்ட வழி: பசைப்புட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல், ஒரு மூடியில் கொஞ்சம் வெள்ளைப் பசையை ஊற்றிச் சப்பைத் தூரிகையோடு வைப்பது. ஒரு கை பசைக்கை, மற்றது பஞ்சுக்கை. பசைக்கை தூரிகையைப் பிடிக்கும், தட்டில் பூசும். பஞ்சுக்கை பஞ்சை எடுத்து வைத்து, மூன்று எண்ணும்வரை அழுத்தும். பஞ்சுக்கையின் மணிக்கட்டில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டால் எந்தக் கை எது என்ற குழப்பம் வராது. இரண்டு பேருக்கு ஒன்று என ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும்.

பஞ்சு உருண்டைகளை அப்படியே ஒட்டாதீர்கள். ஒரு தட்டுக்கு ஏகப்பட்ட உருண்டை தேவைப்படும், கனமும் ஏறும், முடிவில் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். உருண்டையை இழுத்துப் பிரித்து மெல்லிய படலமாக்கிக் கொடுத்தால் நாலைந்தே ஒரு தட்டுக்குத் தாராளம். பிரிப்பதையும் அவர்களே செய்யலாம். விரல் நுனிகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. நீலப் பிறையின்மேல் மட்டும் இன்னும் மெல்லியதாகப் போட்டால் நிறம் உள்ளிருந்து தெரியும். பசைக்குச்சி இந்த வேலைக்கு ஆகாது. காய்ந்ததும் பஞ்சு பொலபொலவென்று கழன்றுவிடும்.

முகம்

கண்ணுக்கும் பொத்தானுக்கும் சட்டைப் பொத்தான், உருளும் பிளாஸ்டிக் கண் எல்லாம் அழகுதான். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் அறைக்குள் அவை வேண்டவே வேண்டாம். கீழே விழும் ஒரு கண் எப்படியும் ஒரு வாய்க்குள் போகும். பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்தான சிறு பொருள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது அந்த உருளையைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் இன்னும் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருப்போம். குழாய்க்குள் நுழைந்து விழுவது எதையும் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பதில் கட்டைவிரல். கறுப்பு போஸ்டர் கலரில் கட்டைவிரலைத் தொட்டு ஒற்றினால் அதுவே நிலக்கரிக் கண். பஞ்சின்மேல் ஒற்ற வராது. அதனால் முகத்தின் நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பஞ்சு ஒட்டாமல் விட்டுவையுங்கள். ஒற்றும் வேலை பஞ்சு காய்ந்த மறுநாள்தான்.

மூக்கைத் தட்டையாக ஒட்டினால் அது வெறும் முக்கோணம். ஆரஞ்சுத் தாளில் நீண்ட முக்கோணம் வெட்டி, நீளவாக்கில் நடுவே மடித்து, அடிப்பக்கத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு இரண்டு காதுகள் போல வெளியே திருப்பி அந்தக் காதுகளை மட்டும் ஒட்டுங்கள். மூக்கு சுவரைவிட்டு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அதன் நிழல் கன்னத்தில் விழுவது தனி அழகு. கூம்பாகச் சுருட்டி ஒட்டலாம் என்பார்கள். நாலு வயதுக் கைக்குக் கூம்பு பிடிபடாது, கடைசியில் எல்லாக் கூம்பையும் நீங்கள்தான் சுருட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே ஒட்டுவது என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். மூக்கு நெற்றியில் இருக்கலாம். மூன்று கண் இருக்கலாம். முதல் சில வருடம் குழந்தைகள் போன பிறகு கோணல் மூக்குகளை ரகசியமாக நேராக்கிய ஆள்தான் நான். மறுநாள் ஒரு பையன் சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்று தேடிவிட்டு, "என்னோடது இல்ல" என்றான். அவனுடையதுக்கு நேர் எதிரில்தான் நின்றிருந்தான். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

இன்னொரு வருடம் ஒருவன் இரண்டு கண்களையும் தட்டின் பின்பக்கத்தில் ஒற்றினான். திருப்பி வைத்துக் கொடுத்தேன். மறுபடி பின்பக்கம் திருப்பி இரண்டு புருவமும் போட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னாடிதான் நாம இருக்கோமே, பின்னாடி யாரு பாப்பாங்க?" என்றான். முன்பக்கம் ஒரே ஒரு மூக்கோடு அவன் பனிமனிதன் சுவருக்குப் போனது.

கழுத்துத் துணிக்கு 3 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பழைய துணிப் பட்டை. துணிக்குப் பதில் தாள் என்றால், இரண்டு நுனியிலும் குஞ்சம் வெட்டச் சொல்லுங்கள். மூன்று வயதில் கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடத்தான் வரும். நேர்கோட்டில் தொடர்ந்து வெட்டுவது நாலு வயது வாக்கில், வட்டம் வெட்டுவது அதற்கும் பிறகு. ஒரு திறப்பு, ஒரு மூடல், ஒரு குஞ்சம். இதைவிடப் பொருத்தமான கத்தரிக்கோல் வேலை அந்த வயதுக்குக் கிடைக்காது. தொப்பியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, கறுப்புத் தாளில் ஒரு சதுரமும் ஒரு பட்டையும்.

உப்பிய வண்ணம்

பஞ்சு சலித்துப்போன வருடங்களில் நான் போவது இந்தப் பக்கம். ஷேவிங் ஃபோமும் வெள்ளைப் பசையும் சம அளவு, ஒரு கிண்ணத்தில் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் நுரை அடங்கிவிடும். நுரையாகவே வெளிவரும் ஃபோம்தான் வேண்டும், ஜெல் வகை உதவாது. இதை நீலத் தாளில் அரை செ.மீ. கனத்துக்கு உருண்டை உருண்டையாகப் பரப்பினால் காய்ந்த பிறகும் உப்பலாகவே நிற்கும், தொட்டால் மெத்தென்று அமுங்கும். பசை கூடினால் தட்டையாகிவிடும். நுரை கூடினால் காய்ந்ததும் விரல் பட்ட இடமெல்லாம் உதிரும்.

கண், மூக்கு, பொத்தான் எல்லாம் ஈரமாக இருக்கும்போதே மேலே வைத்து லேசாக அழுத்திவிட வேண்டும், தனிப் பசை தேவையில்லை. அதன் பிறகு ஒரு முழு இரவாவது படுக்கை வாக்கில் காயட்டும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். நம்பி நிமிர்த்தினால் பனிமனிதன் மெதுவாக, மிகவும் கண்ணியமாக, தாளின் அடிப்பக்கம் நோக்கி வழிந்து இறங்குவான். (அதையே 'உருகும் பனிமனிதன்' என்று பெயர் வைத்து ஒட்டியதும் உண்டு.) பார்ப்பதற்கு இது கிரீம் மாதிரியே இருப்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்த வேலை கூடாது. வாசனை சேர்க்காத ஃபோம் நல்லது, கண்ணில் பட்டால் எரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கையும் காலும்

வெள்ளை வண்ணம் பூசிய உள்ளங்கையை விரல் விரித்து நீலத் தாளில் பதித்தால் உள்ளங்கை பனித்தரையாகும், விரல்கள் ஐந்தும் ஐந்து பனிமனிதர்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு விரல் நுனிக்கும் மெல்லிய ஸ்கெட்ச் பேனாவால் கண், மூக்கு, தொப்பி. கையை வண்ணத்தில் முக்கி எடுக்காதீர்கள், ஸ்பாஞ்சால் பூசுங்கள். முக்கினால் விரலிடுக்கில் வண்ணம் தேங்கி ஐந்து பேரும் ஒட்டிப் பிறந்தவர்களாகிவிடுவார்கள். பதித்து இரண்டு எண்ணி, நேராக மேலே தூக்க வேண்டும்.

பாதத் தடம் என்றால் குதிகால் தலை, விரல் பக்கம் அடி. குழந்தையைத் தாளின்மேல் நடக்க விடக் கூடாது, வண்ணம் பூசிய பாதம் வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலியில் உட்காரவைத்து, அட்டையில் செருகிய தாளைப் பாதத்துக்குக் கொண்டுபோய் ஒற்றுங்கள். தோலில் படும் வேலைக்குத் தண்ணீரில் கழுவிப்போகும் குழந்தைகள் வண்ணம்தான், அக்ரிலிக் வேண்டாம். பின்னால் பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். தூக்கிப் போட மனம் வராமல் பெற்றோர் பத்திரப்படுத்துவது இந்த ஒன்றைத்தான்.

கதவளவு பனிமனிதன்

ஒரே சுவருக்கு ஒரே ஆள், எல்லோரும் சேர்ந்து செய்வது. பெரிய நீலத் தாளைத் தரையில் விரித்து 60, 45, 30 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் அச்சடித்த வீணான வெள்ளைத் தாள்களைக் குழந்தைகள் கிழித்துத் தள்ளட்டும். கத்தரிக்கோல் கூடாது. கிழித்த ஓரம் நார்நாராக, பனி போலவே இருக்கும். தவிர, "கிழி" என்று பெரியவர்களே சொல்லும் நாள் அவர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி, துண்டின் மேல்நுனியில் மட்டும் பசை தொட்டு ஒட்டினால் கீழ்நுனிகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

இது நடக்கும்போது நான் பெத்தல் ஊர்க் கதை சொல்வேன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் 2008-ல் 37.21 மீட்டர் உயரத்துக்கு ஒரு பனிப்பெண்ணைக் கட்டினார்கள். ஒலிம்பியா என்று பெயர். கைகளுக்கு முழு மரங்கள், கண் இமை முடிகளுக்குப் பனிச்சறுக்குப் பலகைகள். அதைச் சொன்ன வருடம் எங்கள் ஆளுக்கும் இமை வேண்டும் என்று பிடிவாதம். ஐஸ்கிரீம் குச்சிகளுக்குக் கறுப்படித்து ஒரு கண்ணுக்கு ஐந்து என்று ஒட்டினோம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் கண்ணடித்தது போல இருந்தது.

சுற்றிலும் ஆறுமுனைப் பனிப்பூ

காலி இடத்தை நிரப்பப் பனிப்பூ. தாளை மடித்து வெட்டும் பெரியவர்கள் பலரும் நான்காக, எட்டாகத்தான் மடிக்கிறோம். பனித்துகள் அப்படி வருவதில்லை. உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் அதற்கு ஆறு கைகள். வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துத் தன் முதல் பனித்துகளைப் படம் பிடித்தார். பிறகு வாழ்நாளில் 5,000-க்கும் அதிகமாக எடுத்தார். அந்தப் படங்களில் இரண்டைக் காட்டிக் கைகளை எண்ணச் சொன்னால் போதும், பிறகு எட்டுக் கைப் பூவைக் குழந்தைகளே தள்ளிவிடுவார்கள்.

ஆறு வர, சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து இடது, வலது சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூன்று சம பாகமாக மடியுங்கள். அதை இன்னொருமுறை பாதியாக மடித்துவிட்டு, மேலே நீட்டும் நுனிகளை வெட்டிவிடுங்கள். இப்போது 12 அடுக்கு. சாதாரண எழுதும் தாளிலேயே குழந்தைக் கத்தரிக்கோல் திணறும், எனவே காபி வடிகட்டும் மெல்லிய வட்டத் தாளோ டிஷ்யூ தாளோ எடுங்கள். மூன்று வயதுக்காரர்களுக்கு இதுவும் வேண்டாம். மூன்று ஐஸ்கிரீம் குச்சிகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டினால் ஆறு கை தானாக வந்துவிடும். அதன்மேல் பசை தடவி உப்பைத் தூவினால் மினுமினுக்கும். ஜிகினாத் தூள் என் வகுப்புக்குள் வருவதில்லை. தேய்த்த கண்ணுக்குள் போகிறது, தரையைவிட்டுப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்கு 2023 அக்டோபரில் தடை போட்டது வேறு காரணத்துக்காக, நுண்பிளாஸ்டிக்குக்காக. எனக்கு அந்தக் காரணமும் சேர்ந்துகொண்டது.

சுவரில் ஏற்றுவது

ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் எட்டுப் பனிமனிதர்கள் முகங்குப்புறத் தரையில் கிடந்தார்கள். கவிழ்த்த தட்டுக்கு விளிம்பு மட்டும்தான் சுவரைத் தொடும். நான் டேப்பை நடுவில் ஒட்டியிருந்தேன், அது சுவரை எட்டவே இல்லை. தலைத்தட்டின் விளிம்பில் இரண்டு, உடம்பின் அடிவிளிம்பில் ஒன்று என மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும். அடுத்த முறை புத்திசாலித்தனமாகக் கனத்த இருபக்க டேப் போட்டேன். ஒன்றும் விழவில்லை. கழற்றும்போது சுவர்ப் பூச்சும் கூடவே வந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

இப்போதெல்லாம் முதலில் நீலப் பின்னணியை மட்டும் மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுகிறேன். அதன்மேல் இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கயிறு. ஒவ்வொரு தலைத்தட்டிலும் துளையிட்டு உல்லன் நூல் வளையம், கயிற்றோடு ஒரு துணிக் கிளிப். கழற்றி மாட்ட ஒரு நிமிடம். ஜன்னல் திறந்தால் எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள். அது ஒரு போனஸ்.

உயரத்தை உங்கள் கண்ணுக்கு வைக்காதீர்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முகங்கள் அங்கே வரட்டும். கை எட்டும் உயரம் என்பதால் சில மூக்குகள் பிடுங்கப்படும். ஆரஞ்சுத் தாளில் பத்து மூக்கு கூடுதலாக மடித்து ஒரு டப்பாவில் வைத்திருங்கள். ஹீட்டருக்கும் விளக்குக்கும் பக்கத்தில் பஞ்சும் தாளும் வேண்டாம்.

நாலைந்து வாரத்தில் பஞ்சு தூசி பிடித்துப் பனிமனிதன் பழுப்பாகிவிடுவான், அப்போது இறக்கிவிடலாம். துணிப் பட்டைகளையும் கிளிப்புகளையும் எடுத்து வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். பின்பக்கம் கண் வைத்த பையனிடம் அவன் தட்டைக் கழற்றிக் கொடுத்தபோது முதலில் திருப்பித்தான் பார்த்தான். "பாவம், சுவத்தையே பாத்துட்டு இருந்திருக்கான்" என்றான். அன்று மாலை அவன் அம்மாவிடம் ஒரு முழம் உல்லன் நூல் கொடுத்தனுப்பினேன், வீட்டு ஜன்னல் கண்ணாடியில் தொங்கவிட.